வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இருந்ததா?

மாசி மகத்தன்று திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் ஊரை விட்டுக் கிளம்பிப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறார். கௌதம நதிக்கரையில் தீர்த்தவாரி மட்டுமல்ல, அங்கே அவருக்கு மகன் செய்ய வேண்டிய ஒரு கடமையும் இருக்கிறது. வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்க வேண்டும். பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே குழந்தையாக வந்தான், அதனால் கருமமும் அவனே செய்கிறான் என்பது தலபுராணம். சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் இந்த அரசனுக்கென்றே ஒரு சருக்கம் உண்டு. கோயிலில் அவன் பெயரில் ஒரு கோபுரமும் நிற்கிறது.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடிப்பதற்குள் இதை வைத்துக் குறைந்தது மூன்று சண்டை போடலாம். அப்படி ஒரு ராஜா உண்மையிலேயே இருந்தாரா? இருந்தார் என்றால் எப்போது, எப்படி இறந்தார்? அவருக்கு நிஜமாகவே பிள்ளை இல்லையா? ஒருவர் தாத்தா சொன்னதை எடுத்துவிடுவார், இன்னொருவர் போனைத் தட்டிப் பார்ப்பார், மூன்றாமவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் சுமார் 27 தலைமுறைக்கு முந்திய சமாசாரம். இருந்தும் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடிகிறது. பதிலைவிட அது கிடைக்கும் வழிதான் சுவாரஸ்யம்.

முதல் கேள்வி சுலபம். ராஜா இருந்தார். ஹொய்சள வம்சத்தின் மூன்றாம் வல்லாளர் 1292-இல் பட்டத்துக்கு வந்தவர். தலைநகரம் துவாரசமுத்திரம், இன்றைய கர்நாடகத்தின் ஹளேபீடு. 1311-இல் டெல்லித் தளபதி மாலிக் காபூர் அங்கே வந்து நின்றபோது ஹொய்சளர் தலையில் இடி விழுந்தது. அதற்குப் பிறகு வல்லாளரின் கவனம் தெற்கே நகர்ந்தது. கடைசிக் காலத்தில் அவர் இருந்து ஆண்ட ஊர்களில் திருவண்ணாமலை முக்கியமானது.

இது எப்படித் தெரியும்? கன்னட தேசத்துக் கிராமக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நிலம் கொடுத்ததையோ வரி தள்ளியதையோ எழுதும்போது, அரசர் எந்த ஊரிலிருந்து ஆண்டுகொண்டிருக்கிறார் என்று முதலில் குறிப்பது வழக்கம். அந்த இடத்தில் அண்ணாமலையின் பெயர் வருகிறது. இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கற்கள் இந்த ஊருக்குச் சாட்சி சொல்கின்றன. அந்தக் கல்லைப் பொறித்தவர்களுக்கு எதையும் நிரூபிக்கும் எண்ணமே கிடையாது. அவர்கள் கவலை நிலத்தைப் பற்றியது. வரலாற்று ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சாட்சியைத்தான் தேடி அலைவார்கள். நம்மிடம் எதையாவது நம்பவைக்க நினைப்பவன் சொல்வதைவிட, வேறு ஏதோ சொல்ல வந்து போகிறபோக்கில் உளறியவன் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது கேள்விக்கான சாட்சி மொராக்கோவிலிருந்து வந்தவர். பயணி இபின் பதூதா. மதுரையில் அப்போது ஆண்ட சுல்தான் கியாசுதீன் தாம்கானி அவருக்கு உறவு. இருவரும் மணந்திருந்தது அக்கா தங்கைகளை. அவர் சொல்லும் கதை இது. வல்லாளர் லட்சத்துக்கு மேற்பட்ட படையோடு வந்து, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தது சிறிய படை. அவர்கள் அவகாசம் கேட்டார்கள், வல்லாளர் கொடுத்தார். அந்த இடைவெளியில் மதுரையிலிருந்து சுல்தான் கிளம்பி, மத்தியான உறக்க வேளையில், குதிரைகள் மேயப் போயிருந்த நேரமாகப் பார்த்து விழுந்தார். 80 வயது அரசர் பிடிபட்டார். விடுவிப்பதாக ஆசை காட்டி அவரிடமிருந்த பொருளையெல்லாம் கறந்துகொண்டு, பிறகு கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அது அங்கே தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் பதூதா சொல்கிறார்.

இந்தச் சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் ஒரே வாக்குமூலம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. லட்சம் படை என்பது பழைய பயணிகளின் வாய் தாராளமாகச் சொல்லும் எண், அதைத் தள்ளிவைக்கலாம். 80 வயதும் கேட்டறிந்ததுதான், ஆனால் 1292-இல் பட்டம் ஏறியவருக்கு 1342-ஐ ஒட்டி அந்த வயது பொருந்தாமல் போகாது. முற்றுகையின்போது பதூதா அங்கே இல்லை. மதுரைக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு. எனவே போரின் விவரம் இரண்டாம் கை. மதிலில் தொங்கிய உடல் மட்டும் நேரில் கண்டது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கொடூரமும் வாக்குத் தவறியதும் அவருடைய சொந்தக்காரர் மேல் விழும் பழி. உறவினரைப் புகழ்ந்து சொல்லியிருந்தால் சந்தேகப்படலாம். தன் பக்கத்துக்குப் பாதகமாக ஒருவன் சொல்வதைப் பொய்யென்று தள்ளுவது கடினம். நீதிமன்றத்திலும் இந்தத் தர்க்கம் உண்டு, வரலாற்றிலும் உண்டு.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பிள்ளை இருந்தது! வல்லாளருக்குப் பின் 1343-இல் விரூபாட்சன் என்னும் நான்காம் வல்லாளன் பட்டம் ஏறினான். அவன் மூன்றாம் வல்லாளரின் மகன். தலபுராணமும் கல்வெட்டும் நேருக்கு நேர் மோதும் இடம் இது.

ஆனால் இதை வைத்துப் புராணத்தைக் குப்பையில் போடுவது அவசரம் என்பேன். மகன் ஆட்சி சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1346-இல் சங்கம சகோதரர்கள் சிருங்கேரியில் கூடி மானியம் வழங்கினார்கள். அதற்குள் ஹொய்சள நாடு அவர்கள் கைக்குப் போய்விட்டிருந்தது. அவர்களுடையதுதான் விஜயநகரம். திருவண்ணாமலையில் வாழ்ந்த சாதாரண மனிதரின் கண்ணில், பெரிய ராஜா தெற்கே போனார், திரும்பவில்லை, அவர் குலத்தில் யாரும் வந்து எதையும் தொடரவில்லை. வம்சம் அறுந்தது என்ற நினைவு, இரண்டு மூன்று தலைமுறை வாயில் புழங்கியதும் ‘பிள்ளையில்லை’ என்று சுருங்கியிருக்கலாம். இது என் ஊகம், கல்லில் எழுதியதல்ல. கல்வெட்டு நடந்ததைச் சொல்கிறது, திருவிழா ஊர் எதை நினைவில் வைத்தது என்பதைச் சொல்கிறது. இரண்டும் சான்றுதான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு.

இங்கே ஒரு புத்திசாலி வாசகர் கையைத் தூக்குவார். 1292, 1343 என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, அந்தக் காலத்தில் யார் கி.பி. எழுதினார்கள்?

யாரும் எழுதவில்லை. சில கல்வெட்டுகள் சக ஆண்டைத் தருகின்றன, அதோடு 78-ஐக் கூட்டினால் போதும். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைக் கட்டியது யார் என்ற சண்டை இப்படித்தான் தீர்ந்தது. கிருஷ்ணதேவராயர் தன் திருப்பணிகளைப் பட்டியலிடும் கல்வெட்டு சக 1438, அதாவது 1516-17. அதில் பதினொரு நிலைக் கோபுரம் இருக்கிறது. அதை முடித்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். இரு தரப்பும் சரிதான், ஒருவர் தொடங்கினார், ஒருவர் முடித்தார்.

சோழர்களோ சக ஆண்டைப் பெரும்பாலும் தொடவில்லை. ‘கோப்பரகேசரிக்கு யாண்டு 12’ என்பது மாதிரிதான் எழுதினார்கள். இது ஆட்சியாண்டு, அதாவது அரசன் பட்டம் ஏறியதிலிருந்து எண்ணும் ஆண்டு. போதாக்குறைக்குச் சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டே பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அப்பா ராஜகேசரி என்றால் மகன் பரகேசரி, பேரன் மறுபடி ராஜகேசரி. பரகேசரியின் 12-ஆம் ஆண்டு என்றால் எந்தப் பரகேசரி? சங்கிலி முழுதும் கையில் இருக்கிறது, அதை மாட்டுவதற்கு ஓர் ஆணிதான் இல்லை.

ஆணி கிடைத்தது தென்பெண்ணைக் கரையில், திருக்கோவிலூருக்குக் கிழக்கே இருக்கும் கிராமம் என்ற ஊரில். ஊரின் பெயரே அதுதான். அங்குள்ள சிவன் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் வெள்ளங்குமரன், சோழ இளவரசன் இராசாதித்தனின் படைத்தலைவர், ஊர் கேரளம். மதுரை கொண்ட பரகேசரியான முதலாம் பராந்தகனின் 36-ஆம் ஆண்டு என்று எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கலியுகம் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நாள் என்பதையும் பொறித்துவிட்டார். இதற்குக் கலிநாள் என்று பெயர். கேரளத்தில் இந்த எண்ணும் முறைக்குச் செல்வாக்கு அதிகம், அந்த ஊர்ப் பழக்கம் நமக்கு அடித்த யோகம்.

எண் இது: 14,77,037.

நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு நாள் விடாமல் எண்ணிய கணக்கு. சரிபார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு காகிதம் போதும். கலியின் முதல் நாள் வெள்ளிக்கிழமை என்பது மரபு. 14,77,037-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. முதல் நாள் வெள்ளி என்றால் இரண்டாம் நாள் சனி. இந்த நாளைக் கி.பி. கணக்குக்கு மாற்றினால் 943-ஆம் ஆண்டு ஜனவரி 14 வருகிறது. அது சனிக்கிழமைதான். அன்று பராந்தகனுக்கு 36-ஆம் ஆட்சியாண்டு நடந்துகொண்டிருந்தது என்றால், அவர் பட்டம் ஏறியது 907 ஜனவரி நடுவுக்கும் 908 ஜனவரி நடுவுக்கும் இடையே. ஒரே கல், ஓராண்டுத் துல்லியம்.

ஓராண்டையும் அறுத்துச் சிறிதாக்கியவர் பிரான்ஸ் கீல்ஹார்ன், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியர். அவர் கையாண்ட கருவி நம் பஞ்சாங்கம். பல கல்வெட்டுகள் ஆட்சியாண்டோடு மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் சொல்கின்றன. ஒரு மாதத்தில் ஒரு குறிப்பிட்ட திதி ஆண்டுக்கு ஒருமுறை வரும். அது குறிப்பிட்ட கிழமையில் விழுவது ஏறத்தாழ ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. அதோடு நட்சத்திரமும் பொருந்த வேண்டும் என்றால் இன்னும் அரிது. முப்பதாண்டு ஆட்சிக்குள் இரண்டு மூன்று நாட்களே மிஞ்சும். அதே அரசனின் இன்னொரு கல்வெட்டுக்கு இப்படியே கணக்குப் போட்டு, இரண்டுக்கும் ஒத்துவரும் பட்டமேற்பைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றுதான் நிற்கும். பராந்தகனுக்கு இப்படிக் கிடைத்தது 907 ஜனவரி 15-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட காலம். முதலாம் ராஜராஜனுக்கு இன்னும் இறுக்கம்: 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில், ஒரே மாதம். தஞ்சாவூரை ஆண்டவர் பட்டமேறிய மாதத்தை ஜெர்மனியில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிவிட்டார். இதே கணக்கை எவரும் போடும்படி 700 முதல் 1799 வரையிலான நாட்களுக்கு அட்டவணை தயாரித்து 1922-இல் வெளியிட்டவர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர், அதற்கு முன்பே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளின் திதி நட்சத்திரத்தை மேய்த்த மனிதர்!

திதியெல்லாம் சிதைந்துபோன உடைந்த கல் என்றால்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ராஜராஜன் காலத்திலிருந்து சோழக் கல்வெட்டுகளின் தலையில் மெய்க்கீர்த்தி வருகிறது, அரசனின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் செய்யுள் முகப்பு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பட்டங்கள் கூடுவதுபோல ஆண்டுக்கு ஆண்டு அது நீளும். ராஜேந்திரனின் ஒரு துண்டுக் கல்லில் கடாரம் இருந்தால் அது 1025-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வெட்டியது. கடாரம் இல்லாமல் கங்கையோடு நின்றுவிட்டால் அதற்குச் சற்று முந்தியது. ஆண்டு எண் உடைந்து விழுந்திருந்தாலும் பெருமை பேசிய வரி காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்தைப் பார்த்தே நூற்றாண்டு சொல்பவர்களும் உண்டு. ‘க’வின் வளைவும் ‘ன’வின் சுழியும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன, இதை எழுத்தமைதி என்பார்கள். ஆனால் இந்த வித்தையில் ஒரு பொறி இருக்கிறது. செங்கல் கோயிலைப் பிரித்துக் கற்றளி கட்டும்போது பழைய கல்வெட்டுகளை என்ன செய்வது? திருக்கோடிகாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு! அரசன் ஒரு காலம், எழுத்து இன்னொரு காலம். அந்தக் குறிப்பு மட்டும் இல்லையென்றால் இன்று எத்தனை கட்டுரைகள் மோதிக்கொண்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

அண்ணாமலையார் கோயில் எவ்வளவு பழையது என்ற நிரந்தரச் சண்டைக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டிலேயே அண்ணாமலையைப் பாடியிருக்கிறார்கள். இன்று நிற்கும் சுவர்களில் படிக்கக் கிடைக்கும் கல்வெட்டுகளோ சோழர் காலத்திலிருந்துதான் வரிசைகட்டுகின்றன. ஒருவர் தலத்தின் வயதைச் சொல்கிறார், மற்றவர் கட்டடத்தின் வயதைச் சொல்கிறார். எதன் வயதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவுசெய்தால் சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்தச் சண்டைகளையெல்லாம் சாத்தியமாக்கியது ஓர் எளிய கைத்தொழில். கல்லைத் துலக்கிக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகைக் கட்டையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பிறகு மைப் பஞ்சால் மேலே ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகளை 1902-இல் இப்படிப் படியெடுத்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் அவை 1937-இல் அச்சேறின. 1990-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பி. ஆர். சீனிவாசனைக் கொண்டு இந்தத் தலத்தின் கல்வெட்டுகளைத் தனியாகவே வெளியிட்டது. ஒருவர் தவறாகப் படித்தால் இன்னொருவர் கோயிலுக்கே போகாமல் அந்தப் படியை எடுத்துப் பார்த்துத் திருத்தலாம்.

கல் இல்லாத இடத்தில் ஒரு பெயர் போதும். அருணகிரிநாதரின் காலம் எது? வல்லாள கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினான் என்பது கதை, அதில் ஆண்டு இல்லை. திருப்புகழில் ஓரிடத்தில் பிரபுடதேவராயர் என்ற மன்னர் பெயர் வருகிறது. விஜயநகரத்து இரண்டாம் தேவராயருக்கு அந்தப் பட்டம் உண்டு. 1446-இல் முடிந்தது அவர் ஆட்சி. அவர் சபைக்கு 1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் எழுதிவைத்ததும் அவர் காலத்துக்குத் தனிச் சாட்சி. ஆக அருணகிரியார் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். அதே பட்டப்பெயரோடு பின்னால் இன்னொரு விஜயநகர அரசரும் சொற்ப காலம் இருந்தார் என்று யாராவது குறுக்கே பேசினால் கோபப்படாதீர்கள், அது நியாயமான ஆட்சேபம்.

கடைசியாக, இன்னும் முடியாத ஒரு வழக்கு. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு விழுந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள். 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தேடிப் படித்து, 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாகக் கொண்டுவந்தது. அவற்றில் எடுத்தனூர்க் கல் தனி ரகம். எருமைகளைக் காக்கப் போய் மாண்டான் கருந்தேவக்கத்தி. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்திய எத்தனையோ குறுநில மன்னர்களின் பெயர் நமக்குத் தெரியாது, நாயின் பெயர் தெரிகிறது.

நாயைப் பார்த்து மயங்கியவர்கள் தலைப்பு வரியைக் கவனிக்காமல் விடக்கூடாது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டு என்கிறது அது. பல நூல்களில் முதலாம் மகேந்திரவர்மன் ஆண்டது சுமார் 600 முதல் 630 வரை, முப்பதே ஆண்டு. 34 எங்கே போய் உட்காரும்? இரண்டாம் மகேந்திரன் ஆண்டது மிகச் சொற்ப காலம், அவன் தலையில் கட்ட முடியாது. முடிவு ஆண்டைத் தள்ளுவதும் கடினம். 642-ஐ ஒட்டி வாதாபியைப் பிடித்த நரசிம்மவர்மன் அதற்குப் பல ஆண்டு முன்பே பட்டத்தில் இருக்க வேண்டும். எனவே தொடக்கத்தைத்தான் 590-களுக்கோ இன்னும் முன்னாலோ நகர்த்த வேண்டும் என்று ஒரு கட்சி. அப்பா சிம்மவிஷ்ணுவோடு சேர்ந்து இளவரசனாக இருந்த ஆண்டுகளையும் தொண்டை மண்டலத்து எல்லைக் கிராமத்தில் கூட்டி எண்ணியிருக்கலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் தர்க்கம் இருக்கிறது. எனக்கு முதல் கட்சியின் பக்கம் சாய்வு உண்டு, காரணம் எளிது: அதற்குக் கூடுதல் கற்பனை ஒன்றும் தேவைப்படவில்லை.

தீர்ப்புக்கு வேண்டியது மகேந்திரனின் ஆட்சியாண்டோடு சக ஆண்டையோ ஒரு கிரகணத்தையோ சேர்த்துச் சொல்லும் இன்னொரு கல். இந்த மாவட்டத்தில் அது நடக்காத காரியமில்லை. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தினர் புதர் விலக்கி எடுத்த நடுகல் என்று அவ்வப்போது நாளிதழில் படம் வருகிறது. அப்படி ஒன்று கிடைக்கும்வரை பாடப்புத்தகத்தில் 600-க்கு முன்னால் உள்ள ‘சுமார்’ என்ற சொல்லை யாரும் எடுத்துவிட வேண்டாம்.